வாயாடிப் பேரவைக்கு ஒரு வரி

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் மேல் எனக்கு எந்தக் காழ்ப்பும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒருவர் எழுதியதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், குறை இருந்தால் திருத்தித் திருப்பிக் கொடுக்கலாம் என்பது எவ்வளவு பெருந்தன்மையான ஏற்பாடு! எடுக்கிற வரைக்கும் எனக்கு ஒரு தொல்லையும் இருக்கவில்லை. திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

என் மனைவிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பெரிய பல் மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி மேசை அவளுடையது. பல்வலிக்காரர்கள் கூப்பிடுவார்கள். அவள் கணினியில் தேடுவாள். திரையில் இருப்பதை 'வாயாடி' என்கிற மென்பொருள் அவள் காதுக்குள் படித்துக்காட்டும். எந்த மருத்துவர், எந்த நாள், எத்தனை மணி, எந்த அறை என்று அவள் அப்படியே சொல்வாள். வாயாடி இலவசம், கட்டற்றது, அதைப் பராமரிக்க வாயாடிப் பேரவை என்று உலகெங்கும் கிளை விரித்த ஓர் அமைப்பு உண்டு. அவள் அதை வீட்டு மனுஷி மாதிரி 'அவ' என்றுதான் சொல்வாள்.

ஒரு நாள் வாயாடியின் புதிய பதிப்பு தானாகவே வந்து மருத்துவமனைக் கணினிகளில் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து எண் எதையும் அது படிக்கவில்லை. எழுத்தெல்லாம் கணீரென்று வரும், எண் வந்த இடத்தில் கப்சிப். 'நாளை காலை மணிக்கு, மாடி, அறை எண், உங்கள் வரிசை எண்' என்று படித்துவிட்டு, ஏதோ பெரிய உபகாரம் செய்த மாதிரி அடுத்த வரிக்குப் போய்விடும். என் மனைவி பக்கத்து மேசைக்காரியைக் கேட்டுக் கேட்டுச் சமாளித்தாள். அந்தப் பெண் விடுப்பில் போன நாளன்று, வீங்கிய கன்னத்தோடு ஒரு கூட்டமே ஒரே நேரத்தில் ஒரே அறை வாசலில் வந்து நின்றது.

மருத்துவமனை மேலாளர் கெட்டவர் இல்லை. மாதக் கடைசி வரைக்கும் பொறுத்துப் பார்ப்பதாகவும், அதற்குள் சரியாகாவிட்டால் அந்த மேசைக்கு வேறு ஆள் போடுவதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னார். பழைய பதிப்பையே திரும்பப் போட்டால் என்ன என்று அவள் கேட்டிருக்கிறாள். கணினிப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லையாம். பேரவையின் முத்திரையோடு வெளிவந்த ஆகப் புதிய பதிப்பைத் தவிர வேறெதையும் ஏற்றக் கூடாது என்பது அவர்கள் விதி. 

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நிரல் எழுதிப் பிழைப்பவன். அன்று சாயங்காலமே வாயாடியின் மூலநிரலை இறக்கிப் பிரித்துப் பார்த்தேன். காற்புள்ளி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி போன்றவற்றை வாய்விட்டுப் படிக்க வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் எண்களையும் தூக்கி அந்தக் கூட்டத்தில் போட்டிருந்தார். அந்த வரியைத் திருத்தினேன். வீட்டுக் கணினியில் வாயாடி மணி, தேதி, அறை எண் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தது. என் மனைவி சிரித்தாள். இனி இந்தத் திருத்தத்தைப் பேரவைக்குக் கொடுத்தால் அவர்கள் முத்திரை குத்தி வெளியிடுவார்கள், மருத்துவமனை ஏற்றிக்கொள்ளும், கதை முடிந்தது என்று நினைத்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கிறது.

பேரவையின் முகப்புப் பக்கத்தில் வாயாடியைப் பற்றி இரண்டு வாக்கியம் இருந்தது. மிச்சப் பக்கம் முழுக்க 'எங்கள் கருவிகள்'. நிரலை வைக்க ஒரு தளம், குறைகளைப் பதிய ஒரு தளம், அரட்டைக்கு ஒன்று, மின்னஞ்சலில் விவாதிக்கிற மடற்குழுவுக்கு ஒன்று, கூட்டம் கூட்ட ஒன்று, கூட்டத்துக்கு நாள் குறிக்க ஒன்று, அந்த நாள் சரிப்படுமா என்று வாக்கெடுக்க ஒன்று, உறுப்பினர்களின் பிறந்தநாளை நினைவூட்ட ஒன்று. நான் குறைகளைப் பதிகிற தளத்துக்குப் போய் விஷயத்தை எழுதி, திருத்திய வரியையும் இணைத்தேன்.

பதில் உடனே வந்தது. எழுதியவர் பேரவையின் ஒருங்கிணைப்பாளர் அம்மையார். திருத்தம் சரி, அருமை, மனமார்ந்த நன்றி, கூடவே மூன்று பூக்கள். ஆனால் இந்தத் தளத்தை நடத்தும் நிறுவனம் உள்ளத்தால் கட்டற்றதாக இல்லை என்று தெரியவந்திருப்பதால் பேரவை வேறொரு தளத்துக்கு வீடு மாறிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து அங்கே வந்து இதையே மறுபடி கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். முடியும் என்றேன். எனக்கு அப்போது சூது வாது தெரியாது.

புதிய தளத்தில் கணக்குத் தொடங்க ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரை கேட்பது அரட்டை அறையில். அரட்டை அறையின் கதவு மடற்குழுவில் இருப்பவர்களுக்குத்தான் திறக்கும். மடற்குழுவில் சேர, புதிய தளத்தில் கணக்கு வேண்டும். நான் இதை மூன்று முறை சுற்றி வந்துவிட்டு, எங்கோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் போலிருக்கிறது என்று அம்மையாருக்கு எழுதினேன். அப்படியெல்லாம் இல்லை, நான் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று அவர் பாராட்டினார். இதை எப்படிச் சரிசெய்வது என்று ஒரு விவாதம் நடந்துகொண்டிருக்கிறதாம், கணக்கு இருந்தால் நானும் கலந்துகொள்ளலாமாம்.

கடைசியில் அவரே மனம் இரங்கி, தன் தங்கைக்காகத் திறந்து வைத்திருந்த கணக்கை எனக்குக் கொடுத்தார். அன்று முதல் பேரவையின் ஏடுகளில் நான் அவருடைய தங்கை.

தங்கை திருத்தத்தைக் கொடுத்தாள். கொடுத்ததும் அது சோதனை இயந்திரத்துக்குப் போயிற்று. யாராவது ஒரு வரியை மாற்றினால் அதனால் வேறேதும் கெட்டுவிடவில்லையே என்று தானாகவே ஓட்டிப் பார்க்கிற இயந்திரம் அது. நல்ல விஷயம்தான், எங்கள் அலுவலகத்திலும் உண்டு. என் திருத்தத்துக்குச் சிவப்புக் குறி விழுந்தது. பதறிப்போய்க் காரணத்தைத் தேடினேன். திருத்தத்தில் பழுதில்லை, சோதனை இயந்திரத்தில் இடமில்லை. அதன் வட்டு முழுக்கப் பேரவைக் கூட்டங்களின் காணொளிப் பதிவுகள். கொஞ்சத்தை அழித்தால் என்ன என்று கேட்டேன். அவை பேரவையின் பாரம்பரியம் என்று பதில் வந்தது.

இதற்கிடையில் 'துடைப்பம்' வந்தது. பேரவை ஒரு தானியங்கி வைத்திருந்தது, அதன் பெயர் துடைப்பம். சில நாள் யாரும் பேசாமல் கிடக்கிற குறைகளை அதுவே கண்டுபிடித்து மூடிவிடும். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் என் மனைவியின் பிழைப்பை, 'யாருக்கும் ஆர்வமில்லாததால் மூடப்படுகிறது, உங்கள் பங்களிப்பு எங்களுக்கு முக்கியம்' என்று எழுதி மூடியிருந்தது. திறந்தேன். மறுபடி மூடியது. தினம் ஏதாவது ஒரு வார்த்தை எழுதிவைத்தால் துடைப்பம் கிட்டே வராது என்று அம்மையார் யோசனை சொன்னார். தினம் காலையில் பல் தேய்த்த கையோடு, 'இன்னும் இருக்கிறேன்' என்று எழுதிவிட்டு அலுவலகம் போனேன். வாரக் கடைசியில் துடைப்பம் என் கணக்கை முடக்கியது. ஒரே வாக்கியத்தைத் தினமும் எழுதுவதால் நான் மனிதன்தானா, தானியங்கியா என்று அதற்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். ஒரு துடைப்பத்துக்கு நான் மனிதன் என்று மனுப்போட்டுக் கணக்கை மீட்டேன். இந்த வயதில் இதையும் பார்த்தாயிற்று.

மாதக் கடைசி நெருங்கியது. என் மனைவி பக்கத்து மேசைக்காரியைத் தொந்தரவு செய்யக் கூசி, ஒவ்வொரு அழைப்பிலும் 'ஒரு நிமிஷம் இருங்க' என்று சொல்லப் பழகியிருந்தாள். வீட்டுக்கு வந்தவளிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், 'உங்க பேரவை என்ன சொல்லுது' என்பாள். அது என்னுடைய பேரவை ஆகிவிட்டிருந்தது.

அப்போதுதான் அம்மையாரிடமிருந்து அழைப்பு வந்தது. பேரவையின் கருவிக் கூட்டம் இணையத்தில் நடக்கப்போகிறது, தலைவரே வருகிறார், நேரில் சொன்னால் வேலை நடக்கும், மனைவியையும் பயனர் பிரதிநிதியாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். சரி, தலைவர் என்று ஒருவர் இருக்கிறாரே என்று கொஞ்சம் தெம்பு வந்தது.

கூட்டத்துக்குள் நுழைய, நாம் மனிதர்தான் என்று காட்ட வேண்டும். திரையில் தெருப்படம் ஒன்று வந்தது. அதைக் கட்டம் கட்டமாக வெட்டி, சாலை விளக்கு இருக்கிற கட்டங்களை மட்டும் தொடும்படி சொல்லியிருந்தது. வாயாடி அதை என் மனைவிக்கு 'படம், படம், படம், படம்' என்று படித்தது. கீழே, 'காதால் கேட்டு விடை சொல்லும் வழி: விரைவில்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பார்வையில்லாதவர்களுக்காக மென்பொருள் செய்கிற பேரவையின் வாசல் அது. நான் அவள் கைக்குப் பதிலாக விளக்குகளைத் தொட்டேன். அவள் மனுஷி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டாள்.

உள்ளே நிறைய முகங்கள். தலைவர் நல்ல வெளிச்சத்தில், பின்னால் புத்தக அலமாரி தெரிய உட்கார்ந்திருந்தார். அந்த அலமாரி படம் என்பது அவர் அசையும்போது தெரிந்தது. முன்னுரை ஏதுமில்லாமல் பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே, சாஃப்ட்வேர் இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். அத எப்படிச் செய்யறோம்ங்கற முறை இருக்கே, அதுதான் நிக்கும். நான் தலைவரா வந்தப்ப நம்மகிட்ட ஒரே ஒரு தளம்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் அதுலயே செஞ்சுட்டு, மாசம் ஒரு பதிப்பு வெளியிட்டுட்டு இருந்தாங்க. வெளிய சொல்லவே வெக்கமா இருக்கும். இன்னைக்கு ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு தளம். இந்த ஒரு வருஷம் பூராவும் நாம வாயாடில மாத்தினது ஒரே ஒரு வரி. அந்த அளவுக்கு எல்லாத்தையும் முறைப்படுத்திட்டோம்."

எல்லாரும் திரையில் கைதட்டுகிற பொம்மையைப் பறக்கவிட்டார்கள். அந்த ஒரு வரி எது என்று அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும்.

அடுத்து, வாக்கெடுக்கிற கருவியை மாற்றுவதா என்பது பற்றிப் பழைய வாக்குக் கருவியில் வாக்கெடுத்தார்கள். முடிவு சரிசமமாக வந்தது. கருவி சரியில்லாததால்தான் சரிசமமாக வந்தது என்று ஒருவரும், சரிசமமாக வந்ததே கருவி சரியாக இருப்பதற்கு அத்தாட்சி என்று இன்னொருவரும் வெகுநேரம் மல்லுக்கட்டினார்கள். நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, தங்கையின் கணக்கிலிருந்து கை தூக்கினேன்.

"சொல்லுங்க சகோதரி" என்றார் தலைவர்.

நான் பேசவில்லை. ஒலிவாங்கியை மனைவி பக்கம் நகர்த்தினேன். அவள் தன் வேலையைச் சொன்னாள், எண்கள் வராததைச் சொன்னாள், மாதக் கடைசியைச் சொன்னாள். அழவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. கேட்டுக்கொண்டிருந்த சிலர் இதய பொம்மை போட்டார்கள். பிறகு அவளாகவே ஒன்று கேட்டாள், இங்கே வாயாடியைத் தினமும் உபயோகிக்கிறவர்கள் யார் யார் என்று.

ஒரு கைகூட உயரவில்லை. தலைவர்தான் பெரிய மனது பண்ணிச் சொன்னார்.

"நான் ஒரு தடவ போட்டுப் பாத்தேம்மா. சும்மா பேசிட்டே இருக்கு. அணைச்சுட்டேன்."

அதில் ஒளிவுமறைவே இல்லை. என் மனைவி அடுத்ததைக் கேட்டாள்.

"சரிங்க. இந்த ஒரு வரிய உள்ள சேக்குற அதிகாரம் யாரு கையில இருக்கு?"

"என் கையிலதான்மா" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மையார். "என் திரையிலயே அந்தப் பொத்தான் இருக்கு. மொதல் நாள்ல இருந்தே இருக்கு. ஆனா நான்பாட்டுக்கு அழுத்தினா அது ஒரு தனி ஆளோட முடிவா ஆயிடும். அது நம்ம பண்பாடு இல்ல. சோதனை இயந்திரம் பச்சை காட்டணும், ரெண்டு பேரு பாத்து ஒத்துக்கணும், அப்புறம் அழுத்தலாம்."

திருத்தத்தில் தப்பு இருக்கிறதா என்று கேட்டாள். துளிகூட இல்லை, முதல் நாளே பார்த்துவிட்டேன் என்றார் அம்மையார். கையில் அதிகாரம் இருந்தும் இவ்வளவு நாள் கட்டுப்பாட்டோடு இருந்த அம்மையாரைத் தலைவர் வெகுவாகப் பாராட்டினார். மறுபடி கைதட்டல் பொம்மைகள். சோதனை இயந்திரத்தின் இடநெருக்கடியை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழு எந்தக் கருவியில் கூடுவது என்று பேச ஆரம்பித்தபோது நான் கணினியை அணைத்தேன். வாய்வரைக்கும் வந்த வார்த்தையைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக விழுங்கினேன்.

மாதக் கடைசி வந்தது. மேலாளர் என் மனைவியை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தன் கையில் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். மறுநாளே அந்த நாற்காலியில் வேறு ஒருத்தி. என் மனைவி காதில் மாட்டுகிற கருவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, வெயிலில் கிடந்த துணியை எடுத்து மடித்துவைத்தாள். எனக்கு அவள் பக்கம் போகவே பயமாக இருந்தது.

அடுத்த வாரம் பேரவையில் தலைவர் தேர்தல். பழைய தலைவரே மறுபடி ஜெயித்துவிட்டார். பதவியேற்பு விழாவுக்கு எங்களுக்கு அழைப்பு வந்தது. நான் அதைப் படித்துக் காட்டிவிட்டு, இதற்கெல்லாம் போகிற ஆளை வேறு எங்கேயாவது தேடட்டும் என்றேன். அவள் போக வேண்டும் என்றாள்.

"எனக்குப் போனது போச்சு. வாயாடி இருக்காளே, அவள நம்பி இன்னும் எத்தன பேரு எங்கெங்க ஒக்காந்திருக்காங்களோ. நாம விட்டுட்டா யாரு கேப்பா?"

மறுபடி சாலை விளக்குகளைத் தொட்டு உள்ளே போனோம். விழாவின் சிறப்பு அம்சம், தேர்தல் முடிவை வாயாடியே வாசிக்கும் என்பது. நம் படைப்பின் குரலிலேயே நம் ஜனநாயகம் ஒலிக்கட்டும் என்று அம்மையார் நெகிழ்ந்து அறிவித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மனைவி என் முழங்கையைப் பிடித்து, பேசாதீர்கள் என்பதுபோல் அழுத்தினாள்.

வாயாடி கணீரென்று வாசித்தது. "பதிவான மொத்த வாக்குகள். நமது தலைவர் பெற்ற வாக்குகள். எதிர்த்துப் போட்டியிட்டவர் பெற்ற வாக்குகள். வாக்குகள் வித்தியாசத்தில் நமது தலைவர் வெற்றி."

சிலர் பழக்க தோஷத்தில் கைதட்டல் பொம்மை போட்டுவிட்டார்கள். தலைவரின் முகம் மாறியது. திரும்பப் படிக்கச் சொன்னார். வாயாடி திரும்பவும் அதையே, அதே உற்சாகத்தோடு படித்தது. தோற்றவர் லேசாகச் சிரித்ததை நான் பார்த்தேன். தலைவரும் பார்த்துவிட்டார்.

"என் ஓட்டு எங்க? எவ்வளவுன்னே சொல்ல மாட்டேங்குதே, உலகமே பாத்துட்டு இருக்கு, என்னம்மா இது?"

அம்மையார் திணறிப்போய், இதுதான் அந்த எண்கள் விவகாரம் என்றார். துணைக்குழு, சோதனை இயந்திரம், பச்சை விளக்கு, ரெண்டு பேர் ஒப்புதல் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். தலைவர் முழுசாகக் கேட்கவில்லை.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பொத்தான் உங்ககிட்டதான இருக்கு? அழுத்துங்க."

அம்மையார் அழுத்தினார்.

சிவப்புக் குறி, இட நெருக்கடி, துணைக்குழு, பண்பாடு எதுவும் குறுக்கே வந்து விழவில்லை. கொஞ்ச நேரத்தில் முத்திரையோடு புதிய பதிப்பு உலகம் முழுக்கப் போய்விட்டது. வாயாடி தலைவரின் வாக்குகளை ஒன்று விடாமல் எண்ணிச் சொன்னது. இந்தத் தடவை கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒரு குறை தெரியவந்த அதே அமர்வில் அதைத் தீர்த்துவைப்பது கட்டற்ற மென்பொருளுக்கு மட்டுமே உரிய வேகம் என்று தலைவர் ஏற்புரையில் குறிப்பிட்டார். பிறகு எங்கள் ஞாபகம் வந்து, பயனர் பிரதிநிதி சகோதரிக்கும் பிரச்சினை தீர்ந்துவிட்டது, மகிழ்ச்சியாக ஒரு வார்த்தை சொல்லலாமே என்றார்.

"எனக்கு வேல போயிடுச்சுங்க" என்றாள் என் மனைவி. "போன வாரமே போயிடுச்சு."

தலைவர் வருந்தினார். உண்மையாகவே வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். அது பேரவையின் கருவிகளுக்குள் வராத விஷயம் என்பதை மென்மையாக எடுத்துச் சொல்லிவிட்டு, நன்றியுரைக்கு அம்மையாரை அழைத்தார்.

என் மனைவி காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நான் அவர்களைத் திட்ட ஆரம்பித்தேன், எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளிலும் திட்டினேன். அவள் எதையும் காதில் வாங்கவில்லை.

"அந்தம்மா பொத்தான அழுத்துன சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு?" என்றாள். "டக்குன்னு ஒரே ஒரு சத்தங்க. அவ்வளவுதான் இருந்துச்சு."